அணைக்கட்டு மேடும் கொழும்புப் பல்சக்கரமும்

கொழும்பு விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு ஜீப். என்னிடம் இருக்கும் அதே மாதிரி சின்ன பெட்ரோல் ஜீப்தான். ஆனால் தரையிலிருந்து நன்றாகத் தூக்கி நின்றது, சக்கரமெல்லாம் தொடை உயரம், வண்டி முழுக்கச் சேறு. ஓட்டி வந்தவர் அந்தச் சேற்றைப் பற்றிக் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் மனைவியின் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வேலூர்ப் பக்கம் ஜீப்பில் சேறு படவேண்டும் என்றால் மழைக்காக மாதக்கணக்கில் வானத்தைப் பார்க்க வேண்டும். இங்கே அது சும்மா கிடைக்கிறது. வந்து இறங்கிய சூட்டிலேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

நான் ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் செலக்‌ஷன் ஆள். பதப்படுத்தி வந்த தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, கீறல் எங்கே, உண்ணி கடித்த தழும்பு எங்கே என்று பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிசல் என்று பிரிப்பது என் வேலை. எதைப் பார்த்தாலும், யாரைப் பார்த்தாலும் தரம் பிரிக்கிற புத்தி இந்த வேலையால் வந்ததா, அந்தப் புத்தி இருந்ததால் இந்த வேலைக்கு வந்தேனா என்று எனக்கே தெரியாது. கொழும்பில் ஒரு செருப்புத் தொழிற்சாலைக்குச் சாம்பிள் தோல் காட்டிவிட்டு வரச் சொல்லிக் கம்பெனி அனுப்பியது. நான் போனது வேறொரு காரியத்துக்கு.

அந்தக் காரியத்துக்குக் காரணம் இம்தியாஸ். பள்ளிக்கூடத்திலிருந்தே என் தோஸ்த். அவன் அப்பா ஆம்பூரில் டேனரி வைத்திருக்கிறார், நான் தரம் பிரிக்கும் தோலில் பாதி அங்கிருந்து வருவதுதான். நானும் அவனும் ஒரே ஏலத்தில் ஒரே மாதிரி இரண்டு பழைய ஜீப்புகளை எடுத்தோம். அணைக்கட்டுப் பக்கம் அவன் மாமாவின் நிலத்தில் பழைய கல்குவாரி ஒன்று இருக்கிறது. அதன் மேட்டில் ஜீப்பை ஏற்றிப் பார்ப்பதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. உச்சியை இரண்டு பேரும் தொட்டதில்லை. நான் பாதியில் நின்றுவிடுவேன். அவன் முக்கால்வாசி போய் நிற்பான். சக்கரத்துக்கு மேலே அவன் வண்டியைத் தாங்குவது மாமா துபாயிலிருந்து அனுப்பிய ஸ்பிரிங் பட்டை, என் வண்டியைத் தாங்குவது ஏலத்தோடு வந்த பழைய பட்டை. அந்தக் கால்வாசி தூரம்தான் ஒரு வருஷமாக என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டு வண்டியிலும் ஆசைக்குப் பெரிய டயர் மாட்டிவிட்டோம். சக்கரம் பெரிதானால் அதைச் சுற்ற இன்ஜினுக்குத் தெம்பு பற்றாது. மேட்டில் முக்கி முனகி அணைந்துவிடும். அதற்கு மருந்து அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்களை மாற்றுவது. பெரியதைக் கிரவுன் என்பார்கள், அதைத் திருப்பும் சின்னதைப் பினியன் என்பார்கள். பினியனில் பல் குறைந்தால் வண்டி மெதுவாகப் போகும், ஆனால் இழுக்கிற பலம் கூடும். எங்கள் வண்டிக்கு ஏற்ற பழைய ஜப்பான் சாமான் கொழும்பில் பஞ்சிகாவத்தை என்ற இடத்தில் மலையாகக் குவிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

புறப்படும்போது இம்தியாஸ் சொன்னான்: "டேய் சீலா, எனக்கும் ஒரு செட்டு எடுத்துனு வாடா. ரெண்டு பேரும் ஒண்ணா மாட்டி ஒண்ணா ஏறலாம்."

ஒன்றாக ஏறுவதற்கா நான் கடல் தாண்டிப் போகிறேன்? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

முதல் நாள் தொழிற்சாலைக்குப் பேருந்தில் கிளம்பினேன். கொழும்புப் பேருந்து நிற்கும்போதே ஓடுகிறது. நடத்துனர் படியில் தொங்கிக்கொண்டு சரசரவென்று பத்து ஊர்ப் பெயரைச் சொல்ல, அதில் எனக்கு வேண்டிய பெயரும் கேட்டது போலிருக்கவே தாவி ஏறிவிட்டேன். மடியில் சாம்பிள் பை. பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ கேட்டார். முன் சீட்டுக்காரர் திரும்பித் தமிழில் சொன்னார்: "பைக்குள்ள என்ன செத்திருக்கு எண்டு கேக்கிறா." முதல் தர ஆட்டுத்தோல் என்றேன். அவர் அதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். ஆம்பூரில் இந்த வாசனைக்கு யாரும் தலை திருப்பமாட்டார்கள்.

கடைசியில் இறக்கிவிட்ட இடம் தொழிற்சாலை இல்லை, கடற்கரை. கல்கிசையாம். தண்டவாளத்தை ஒட்டிக் கடல், கடலை ஒட்டி ரயில். பிள்ளைகள் பாட்டுக்குப் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பாலாற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டால் பாலத்தில் குடும்பம் குடும்பமாக நின்று போட்டோ எடுப்போம். இவர்களுக்கு இவ்வளவு தண்ணீர், அதுவும் வருஷம் பூராவும். கொஞ்ச நேரம் நின்று கடலை முறைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

தொழிற்சாலையில் வேலை சீக்கிரம் முடிந்தது. செர்ரிப் பழ நிறத்தில் ஒரு தோலை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அது இம்தியாஸ் டேனரிச் சரக்கு. அந்த நிறம் வருவதற்கு அவன் ஒரு மாதம் சாயத் தொட்டி பக்கத்திலேயே கிடந்தான். "இதைச் செய்தவர் கெட்டிக்காரர்" என்று மேலாளர் அம்மா இங்கிலீஷில் சொன்னார். நான் சுருக்கமாக "யெஸ்" என்றேன். மீதித் துண்டுகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இரவு கொத்து ரொட்டி சாப்பிட்டேன். கல்லின்மேல் இரண்டு தகடுகளால் ரொட்டியைக் கொத்துகிற சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. ருசியில் எந்தக் குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சத்தம் ஜாஸ்தி என்று மட்டும் மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பஞ்சிகாவத்தை. தெரு நெடுக இரும்பு. ஒரு கடையில் கதவுகள் மட்டும், அடுத்த கடையில் இன்ஜின்கள் மட்டும், அதற்கடுத்த கடையில் கண்ணாடிகள். ஆம்பூரில் ஒரே ஒரு ஆயில் சீலுக்காக நான் மூன்று ஊர் அலைந்திருக்கிறேன். நின்ற இடத்திலேயே பேஜாராகிவிட்டது.

எனக்கு வாய்த்த கடைக்காரரை எல்லோரும் நானா என்று கூப்பிட்டார்கள். அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, விரலில் பச்சைக்கல் மோதிரம். இந்தத் தெருவில் தன்னைவிட்டால் ஆள் இல்லை என்பதை வருகிறவர் எல்லோரிடமும் தானே சொல்லிக்கொள்கிறார்.

"தம்பி எங்கருந்து?"

"ஆம்பூர்."

"அட, பிரியாணி ஊர்! பகலைக்கு இங்கயே சாப்பிடுங்கோ. எங்கட புரியாணியத் திண்டு பாத்திட்டு உண்மையச் சொல்லுங்கோ."

முதலில் ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தேன். அடுக்கிலேயே தடிமனானதை, ஒரு கீறல்கூட இல்லாத ஒரு கட்டைக் காட்டி, இதுதான் வேண்டும் என்றேன். இம்தியாஸின் துபாய்ப் பட்டையைவிட அது இரண்டு மடங்கு தடிப்பு.

நானா சிரித்தார். "எவ்வளவு பாரம் ஏத்துவீங்க?"

"பாரம் இல்ல. நான் மட்டும்தான்."

"அப்ப இது ஏன்? இது வேனுக்குப் போடறது."

கடைக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே ஒரு ஜீப், அதன் முன்சக்கரம் ஒன்றைப் பழைய டயர்க் குவியலின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சக்கரம் வண்டிக்குள் புகுந்துவிடுவது போல மேலே போயிருந்தது. மற்ற மூன்றும் தரையை விடவில்லை. "மெல்லிசுப் பட்டை, நீளமாத் தொங்க விடணும். சக்கரம் நிலத்தத் தேடிப் போகணும் தம்பி. தடிப்புப் பட்டை போட்டா ஒரு சக்கரம் ஆகாயத்துல சுத்தும், வண்டி நிண்ட இடத்துல நிக்கும்." என் ஜீப் பாதி மேட்டில் செய்கிற காரியத்தைப் பார்த்தது போலவே சொன்னார். பட்டை கனம், விமானத்தில் ஏற்ற முடியாது, ஊரில் இருக்கிற கட்டிலேயே இரண்டு தகட்டை உருவிவிடு என்றார். பட்டையின் நுனியைத் தொங்கவிடுகிற நீளமான ஷாக்கிள் நான்கும், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர்களும் எடுத்துக் கொடுத்தார்.

பிறகு பல்சக்கரம். ஒரு ஜீப்புக்கு முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. இம்தியாஸிடம் தலையை ஆட்டிவிட்டு வந்ததால் இரண்டு ஜீப்புக்கும் சேர்த்து நான்கு ஜோடி. கிரவுனில் முப்பத்தேழு பல், பினியனில் ஒன்பது. எங்கள் வண்டியில் இருப்பதைவிடச் சரியாக எங்களுக்கு வேண்டிய அளவு மெதுவானது. நானா ஒவ்வொரு கிரவுனையும் அதன் பினியனோடு சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டினார்.

"கட்ட அவுக்காதீங்கோ. இப்பிடியே கொண்டு போங்கோ."

இதை அவர் யாரிடம் சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் தோல் மண்டியில் ஒரு வியாபாரி கட்டை அவிழ்க்காதே என்று சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. மேலே நல்ல தோல், நடுவில் கழிசல். அப்படிச் சொன்னவுடன் முதல் வேலையாகக் கட்டை அவிழ்ப்பவன்தான் செலக்‌ஷன் ஆள். நான் பல்லைக் காட்டித் தலையாட்டினேன்.

பகல் சாப்பாடு சவன். பெரிய தட்டில் புரியாணியைக் குவித்து, சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட வேண்டும். நானா, அவர் தம்பிகள் இரண்டு பேர், நான். சோறு எங்கள் ஊர் அளவுக்கு இல்லை, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயும் இல்லை என்று ஆறுதல்பட்டேன். ஆனால் நானா பக்கத்தில் ஒரு பெரிய இறைச்சித் துண்டு கிடந்தது. அவருக்கு மட்டும் எப்படி அது அமைந்தது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பேச்சை நிறுத்தாமல் அதை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார். தம்பிகளும் ஆளுக்கொரு துண்டைத் தள்ளினார்கள். அங்கே விருந்தாளிக்கு அப்படித்தானாம். தள்ளியதை எல்லாம் சாப்பிட்டேன்.

லாட்ஜுக்கு வந்ததும் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வெள்ளைத் துண்டை விரித்து, நான்கு கட்டையும் அவிழ்த்தேன். பழைய கம்பி, முறுக்கைப் பிரித்ததும் முறிந்துபோனது. நான்கு கிரவுன், நான்கு பினியன். நான் நினைத்தது சரிதான். ஒரு கிரவுன் கண்ணாடி போல இருந்தது, அதன் பினியனில் தழும்பு. இன்னொரு பினியன் புத்தம் புதிது போல, அதன் கிரவுன் மங்கல். எல்லாவற்றிலும் சின்னதாக எண்கள் வெட்டியிருந்தன. எங்கள் தோலிலும் லாட் நம்பர் குத்துவார்கள், தரம் பிரிக்கும்போது அதையெல்லாம் யார் பார்ப்பது?

முதல் தரக் கிரவுன் இரண்டு, முதல் தரப் பினியன் இரண்டு. அவற்றை எனக்கு வைத்தேன். மீதியை இம்தியாஸுக்கு ஒதுக்கினேன். அவனுக்குத்தான் துபாய்ப் பட்டை இருக்கிறதே! அவனுக்கு எல்லாமே ஒரு படி முன்னால் வந்து நிற்கும்போது, நான் கண்ணால் சம்பாதித்த ஒரு படியாவது எனக்கு இருக்கட்டும் என்று தோன்றியது. கட்டுவதற்குக் கம்பி இல்லாததால் பையில் கிடந்த சாம்பிள் தோலை வாராகக் கிழித்து முடிந்தேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்து ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி என் பையைத் திறக்கச் சொன்னார். பல்சக்கரம் என்றேன். எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னிடமும் இந்த ஜீப் இருக்கிறது, போன வாரம்தான் மலைக்குப் போய் வந்தோம்" என்றார். இந்த நாட்டில் இது யாரிடம்தான் இல்லை?

சென்னையிலிருந்து ரயிலில் காட்பாடி வந்து இறங்கினேன். இம்தியாஸ் பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தான், கையில் பிரியாணிப் பொட்டலம்.

"இன்னாடா இப்டி இளைச்சுட்ட? மொதல்ல துன்னு." இரும்பு இருந்த பையை அவனே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் ஜீப்பில் மேம்பாலம் ஏறி இறங்கினோம். ஒரு குலுக்கல் இல்லை. அந்தத் துபாய்ப் பட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டு பிரியாணி சாப்பிடுவது எனக்குச் சிரமமாக இருந்தது.

நேராக மெக்கானிக் தனபால் ஷெட்டுக்குப் போனோம். என் ஜீப் ஏற்கெனவே அங்கே தாங்கியின்மேல் நின்றது. மூட்டைகளை மேஜையில் வைத்து, இது என்னுது, இது உன்னுது என்று பிரித்துக் கொடுத்தேன்.

"நாலும் ஒண்ணுதானே?" என்றான் இம்தியாஸ்.

"எல்லாம் ஒண்ணுதான். கடைக்காரர் கட்டிக் குடுத்தபடியே இருக்குது."

தனபால் ஒரு கட்டை அவிழ்த்தார். கிரவுனைத் துடைத்து எண்ணைப் பார்த்தார், பினியனைத் துடைத்துப் பார்த்தார். மற்ற மூன்று கட்டுகளையும் அவிழ்த்துப் பார்த்தார். "இன்னா சார் இது, ஒண்ணுகூட ஜோடி இல்லியே? கிரவுனும் பினியனும் கம்பெனியிலயே ஒண்ணா தேச்சு, ஒரே நம்பர் போட்டு அனுப்புவாங்க. மாத்திப் போட்டா ஊருக்கே கேக்கற மாதிரி ஊளையிடும். மேட்டுல பல்லு தெறிச்சுடும்."

என் காது சூடானது. இம்தியாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. என்மேல் இல்லை, கொழும்பின்மேல். "ஃபாரின்ல இருந்து வந்த ஆளுன்னு ஏமாத்திட்டாங்கடா உன்ன. நம்பர் குடு, நான் பேசறேன்." வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், பையோடு வந்த கடைச் சீட்டைப் பார்த்து அவனே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டான்.

நானாவின் குரல் ஷெட் முழுக்கக் கேட்டது. "ஜோடி மாறுமோ? என்ட கையால கம்பி போட்டு முறுக்கிக் கட்டினது! அவுக்காதீங்கோ எண்டும் சொன்ன!"

"கம்பியா?" என்றான் இம்தியாஸ்.

மேஜையில் கிடந்த வாரை எடுத்தான். விரலுக்கிடையில் வைத்து ஒருமுறை தேய்த்தான். செர்ரி நிறம். அந்தத் தோலை இருட்டில் கொடுத்தாலும் அவனுக்குத் தெரியும். அவன் என் மூட்டையைப் பார்த்தான், தன் மூட்டையைப் பார்த்தான். என் பக்கம் பளபளப்பு, அவன் பக்கம் தழும்பு. அவனும் தோல்காரன்தான், தரம் பிரித்து வைத்ததைப் பார்த்தால் தெரியாதா?

"நானா, தப்பு எங்களுதுதான், மன்னிச்சுடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தான்.

எங்களுது என்றான். நான் தனபாலின் ஸ்பேனர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் துபாய்ப் பட்டையைப் பற்றி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான்.

எட்டையும் எண் பார்த்து நான்கு ஜோடியாகச் சேர்த்தான். மேஜையை அவனே இழுத்து ஷட்டர் பக்கம் வெளிச்சத்தில் போட்டான். வரிசையாக வைத்தான்.

"இப்போ பாரு. வெளிச்சத்துல நல்லா பாத்து உனக்கு எது வேணுமோ ரெண்டு ஜோடி எடு. மீதிய எனக்குப் போடட்டும்."

பார்க்காமல் கைக்குக் கிடைத்ததை எடுத்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஓரக்கண்ணால் பார்த்துத்தான் எடுத்தேன்.

தனபால் என் பட்டையில் இரண்டு தகடு உருவி, ஷாக்கிள் மாற்றி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு வண்டியையும் முடித்துக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க இம்தியாஸ் வழக்கம்போலப் பேசினான், வழக்கம்போல டீ வாங்கிக் கொடுத்தான். தோல் வாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அணைக்கட்டு மேட்டின் அடியில் இரண்டு ஜீப்பையும் நிறுத்தினோம். முதலில் யார் என்ற பேச்சு வரும் என்று நான் தயாராக இருந்தேன்.

"நீ போடா மொதல்ல" என்றான்.

ஏன் என்னை முதலில் அனுப்புகிறான்? உதிரிக் கல்லையெல்லாம் என் சக்கரம் தள்ளிவிட்டுப் போனால் இவனுக்கு வழி சுத்தமாகும் என்றுதான் எனக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போட்டேன்.

வண்டி ஆமை மாதிரி நகர்ந்தது, ஆனால் முனகவில்லை. வழக்கமாக ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றும் பாறைக்கு வந்ததும் உடம்பு தானாக இறுகியது. சக்கரம் கீழே இறங்கிக் கல்லைத் தேடிப் பிடித்தது. பாதி மேடு தாண்டியது. இம்தியாஸ் நிற்கும் முக்கால்வாசி இடமும் தாண்டியது. கடைசி வளைவில் இன்ஜின் ஒருமுறை திணறியது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை, ஏறிவிட்டேன். உச்சி. அந்தப் பக்கம் வாழைத் தோட்டமும், தூரத்தில் அமிர்தி மலையும். ஒரு வருஷத்துக் கனவு.

ஆனால் மலையைப் பார்ப்பதற்காகவா ஏறினேன்? கதவைத் திறந்து இறங்கி, கீழே அவன் முகத்தைப் பார்க்க விளிம்புக்கு ஓடினேன். தோற்றுப்போன அந்த முகத்தை ஒரு வருஷமாக மனதில் வரைந்து வைத்திருந்தேன்.

அவன் கீழே குதித்துக்கொண்டிருந்தான். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினான். "ஏறிட்டான்யா, சீலன் ஏறிட்டான்!" என்று கத்தினான். வரப்பில் போன யாரோ ஒருவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, மேலே என்னைக் காட்டினான். அவன் ஜீப் அவனுக்குப் பின்னால் ஸ்டார்ட்கூடச் செய்யாமல் நின்றிருந்தது.

மேட்டில் ஏறியவன் நான், சந்தோஷம் முழுக்க அவனிடம் இருந்தது. எனக்கு மறுபடி வயிறு எரிந்தது.